வெக்கை நோய் விலகிய புல்வெளி: மாணவர்களுடன் செரெங்கெட்டியில்

எங்கள் துறையின் விலங்கியல் முதுகலை மாணவர்களை ஆப்பிரிக்காவுக்கு அழைத்துச் செல்வது என்று முடிவானதும், பயண ஏற்பாட்டாளர்கள் நீட்டியது ஒரே வகையான திட்டத்தைத்தான். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் ஆகிய ஐந்தையும் மிகக் குறைந்த நாள்களில் காட்டிவிடுவதாக எல்லோரும் உறுதி கூறினார்கள். ஐந்தையும் பார்ப்பது மகிழ்ச்சிதான். ஆனால் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அது போதாது என்பது என் திடமான எண்ணம். ஒரு விலங்கைப் படமெடுத்துவிட்டு அடுத்ததைத் தேடி விரைவதற்காக அல்ல, ஒரே இடத்தில் அரை நாள் வண்டியை நிறுத்தி, மண்ணும் புல்லும் விலங்கும் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நிற்கின்றன என்று பார்ப்பதற்காகவே இத்தனை தொலைவு போக வேண்டும். அதனால் வடக்குத் தான்சானியாவையும், அதிலும் பிப்ரவரி மாதத்தையும் தேர்ந்தெடுத்தோம். செரெங்கெட்டியின் தெற்கே விரியும் குட்டைப் புல்வெளிகளில் வில்டபீஸ்ட் என்னும், மாட்டைப் போன்ற பெரிய மானின மந்தைகள் கன்று ஈனும் பருவம் அது.

கிண்டி கிங் நிறுவனத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு பத்திரப்படுத்திக்கொண்டு கிளம்பினோம். ஊசி போட்ட பத்து நாள்களுக்குப் பிறகே அந்தச் சான்று செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. தான்சானியாவில் 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளதால், பெட்டிக்குள் பிள்ளைகள் சுருட்டி வைத்திருந்த கேரி பேக்குகளையெல்லாம் வீட்டிலேயே எடுத்துவிடச் சொல்லியிருந்தேன். நைரோபியில் இறங்கி, நமங்கா எல்லையைச் சாலை வழியாகக் கடந்து, இருட்டும் நேரத்தில் அருஷாவை அடைந்தோம்.

முதலில் போனது தரங்கிரே தேசியப் பூங்காவுக்கு. அங்குள்ள யானைகள் பெருங்கூட்டமாக ஆற்றங்கரையில் கூடுவது, மற்ற நீர்நிலைகள் வற்றிப்போகும் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில்தான்; பிப்ரவரியில் அவை பூங்காவுக்கு வெளியேயும் பரவிப் போய்விடும். ஆயினும் தாயும் மகள்களும் பேரக்குட்டிகளுமாக ஒரு குடும்பம் எங்கள் வண்டிக்கு மிக அருகில் சாலையைக் கடந்தது. முதுமலையில் யானை பார்த்துப் பழகிய பிள்ளைகள் உடனே கவனித்தது பெண் யானைகளின் தந்தங்களைத்தான். நம் ஊர்ப் பெண் யானைகளுக்கு வெளியே தெரியும்படி தந்தம் இருப்பதில்லை. இங்கே பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் உண்டு. ஆகவே தந்தத் திருடர்களுக்கு ஆண், பெண் என்ற வேறுபாடும் இல்லை. 2009இல் ஏறக்குறைய 1,09,000 யானைகள் இருந்த தான்சானியாவில் 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 43,000 அளவுக்கே எஞ்சியிருந்தன என்பதை அந்தக் குடும்பம் கடந்து போனபின் சொன்னேன். சற்று நேரம் வண்டியில் யாரும் பேசவில்லை.

தரங்கிரேயின் அடையாளமான பாவோபாப் பெருமரங்களைக் கண்டதும், "மேடம், இது எங்க ஊர் பொந்தன்புளி" என்று கூவினாள் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த மாணவி. அவள் சொன்னது சரியே. அரபு வணிகர்கள் வழியாக வந்ததாகக் கருதப்படும் அதே ஆப்பிரிக்க மரம் இராமநாதபுரம் கடற்கரையிலும் மன்னாரிலும் நெடுந்தீவிலும் இன்றும் நிற்கிறது. ஈழத்தில் அதைப் பெருக்க மரம் என்பார்கள். நம் ஊரில் அது வழிபாட்டுக்கும் வேடிக்கைக்கும் உரிய தனிமரம். இங்கோ வறட்சிக் காலத்தில் யானைகள் அதன் பட்டையைத் தந்தத்தால் உரித்து, பஞ்சு போன்ற ஈரமான உட்பகுதியை மென்று தாகம் தீர்த்துக்கொள்கின்றன. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பக்கம் முழுவதும் குடையப்பட்டும் இலைவிட்டு நின்ற மரங்களைப் பார்த்தோம்.

அதே காட்டில் செட்சி ஈக்களும் உண்டு. அடர்நீலமும் கறுப்பும் அவற்றை ஈர்க்கும் நிறங்கள் என்பதால், அந்த நிறத்துத் துணியில் செய்த பொறிகளை மரக்கிளைகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஜீன்ஸ் அணிய வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னதன் காரணம் பிள்ளைகளுக்கு அந்தப் பொறிகளைப் பார்த்ததும் விளங்கியது. துணியையும் துளைத்துக் கடிக்கும் அந்த ஈயின் கடி நன்றாகவே வலிக்கும்.

கோரோங்கோரோவைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். எரிமலை ஒன்று உள்நோக்கிச் சரிந்ததால் உண்டான, ஏறக்குறைய 600 மீட்டர் ஆழமும் 260 சதுர கிலோமீட்டர் தளமும் கொண்ட பெரும் பள்ளம் அது. விளிம்பில் குளிர் எலும்பைத் தொடும், ஸ்வெட்டர் கட்டாயம். உள்ளே கறுப்புக் காண்டாமிருகம் ஒன்றைத் தொலைவில் கண்டோம். ஆனால் மாணவர்களை அதிகம் யோசிக்க வைத்தது அங்கே ஒட்டகச்சிவிங்கியே இல்லை என்பதுதான். இன்னொன்று அங்குள்ள சிங்கங்களின் கதை. 1962இல் பெய்த மிகுமழைக்குப் பின் கடிக்கும் ஈக்கள் பெருகி, புண்ணும் நோயுமாகச் சிங்கங்கள் பெரும்பாலும் மாண்டு, பத்துப் பதினைந்து மட்டுமே மிஞ்சின. இன்று பள்ளத்தில் உள்ளவை பெரும்பாலும் அந்தச் சிலவற்றின் வழிவந்தவை. மரபணு வேறுபாடு குறைவதைப் பாடப்புத்தகத்தில் வரைபடமாகப் படித்தவர்கள், அதன் நேரடிச் சான்று புல்லில் படுத்துக் கொட்டாவி விடுவதைக் கண்டார்கள்.

விளிம்பிலிருந்து மேற்கே இறங்கினால் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு. 1959இல் தொல்மானிடவியலாளர் மேரி லீக்கி, ஏறத்தாழ 17.5 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள, மனிதனின் ஆதி உறவினம் ஒன்றின் மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம் இது. பள்ளத்தாக்கின் சுவரில் வெவ்வேறு நிறங்களில் படிந்திருக்கும் அடுக்குகளை மாணவர்கள் வரைந்துகொண்டார்கள். அவற்றில் எரிமலைச் சாம்பல் அடுக்குகள் முக்கியமானவை. தெற்கே லேட்டோலியில் 36 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு இரண்டு கால்களால் நடந்தவர்களின் அடிச்சுவடுகளைக் காத்து வைத்ததும் இத்தகைய சாம்பல்தான். அதைக் கடந்து செரெங்கெட்டிச் சமவெளியில் இறங்கும்போது, எலும்பையும் சுவட்டையும் காத்த அதே வகைச் சாம்பல்தான் இந்தப் புல்வெளியையும் உண்டாக்கியது என்று நான் சொன்னதும், பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இந்தப் பயணத்தின் மையம் இந்த இடம்தான். கோரோங்கோரோ மேட்டுநில எரிமலைகள் நெடுங்காலமாகக் கக்கிய சாம்பல் காற்றில் மேற்கே வந்து படிந்திருக்கிறது. ஓல் தோய்ன்யோ லெங்காய் இன்றும் உயிருள்ள எரிமலை. சாம்பலில் இருந்த சுண்ணாம்புச் சத்து மழைநீரில் கரைந்து, மேல்மண்ணுக்குக் கீழே கெட்டியான தட்டாக இறுகிவிட்டது. மர வேர்களால் அதைத் துளைத்து இறங்க முடியாது. ஆகையால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மரமே இல்லாமல் குட்டைப் புல் மட்டும் வளர்கிறது. அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் மிகுதி. கன்றுக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியவை அவையே. மழை நின்றதும் சமவெளி காய்ந்துவிடும், அங்குள்ள நுடூட்டு ஏரியின் நீரோ காரத் தன்மையுடையது. அப்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் வடமேற்கே நடக்கத் தொடங்கி, மாரா ஆற்றைக் கடந்து, மீண்டும் மழை விழும்போது இதே சாம்பல் மண்ணுக்குத் திரும்புகின்றன. மாரா ஆற்றில் முதலைகள் பாயும் காட்சியைப் படங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்த நெடுநடையின் காரணம் இங்கே, காலடியில் இருக்கும் மண்ணில் கிடக்கிறது.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே ஒரு மந்தைக்குப் பக்கவாட்டில் மூன்று வண்டிகளையும் இடைவெளி விட்டு நிறுத்தி, எஞ்சினை அணைக்கச் சொன்னேன். மதியம்வரை நகர்வதில்லை என்பது ஏற்பாடு. சற்றுத் தள்ளி ஒரு பெண் வில்டபீஸ்ட் படுப்பதும் எழுவதும் நான்கடி நடந்து மீண்டும் படுப்பதுமாக இருந்தது. வாலுக்குக் கீழே முன்னங்கால் குளம்புகள் வெளியே வந்தபோது, தொலைநோக்கி வைத்திருந்த மாணவன், "குளம்பு நுனியில ஏதோ மெழுகு மாதிரி ஒட்டியிருக்கு மேடம்" என்றான். தாயின் கருப்பையைக் குளம்பு கிழித்துவிடாதபடி அதை மூடியிருக்கும் வெளிறிய மென்திசு அது. நடக்கத் தொடங்கியதும் தேய்ந்து உதிர்ந்துவிடும். புத்தகத்தில் படித்திருந்த நானும் அதை நேரில் பார்த்தது அன்றுதான். கன்று தரையில் விழுந்த நொடியில் ஒருவன் கைபேசியில் நேரம் குறிக்கத் தொடங்கினான். முன்முழங்காலை ஊன்றியது, பின்பக்கத்தைத் தூக்கியது, தலைகுப்புற விழுந்தது, மறுபடி எழுந்தது. ஏழாவது நிமிடம் நான்கு கால்களிலும் நின்றது. ஈரம் காயாத பழுப்பு நிற உடலோடு தாயின் விலாவில் முட்டி முட்டி மடியைத் தேடியது. இன்னும் சற்று நேரத்தில் அது தாயோடு ஓடவும் தொடங்கியிருந்தது.

அதற்குள் கழுதைப்புலி ஒன்று மந்தையின் ஓரமாக வந்துவிட்டது. "மேடம், டிரைவர் அண்ணாகிட்ட சொல்லி வண்டிய நடுவுல விடச் சொல்லுங்களேன்" என்று ஒரு மாணவி கெஞ்சினாள். அருஷாவைச் சேர்ந்த எங்கள் ஓட்டுநர் தலையை அசைத்து மறுத்தார். அதற்கும் குட்டிகள் உண்டு, அது எவ்வளவு தொலைவிலிருந்து வந்ததோ என்றார். அவர் சொன்னது ஆய்வுகளும் சொல்வதுதான்: செரெங்கெட்டிக் கழுதைப்புலிகள் குட்டிகளை வளையில் விட்டுவிட்டு, மந்தைகளைத் தேடி நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வந்து போகின்றன. எச்சில் தின்னும் விலங்கு என்று நாம் ஒதுக்கிவைத்த அது, தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடுகிறது என்பதை விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் 1960களிலேயே இதே பகுதியில் பின்தொடர்ந்து காட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த கன்று தப்பியது. சற்றுத் தள்ளி, தாயைத் தவறவிட்டு அங்குமிங்கும் ஓடிய வேறொரு கன்று அகப்பட்டது. கெஞ்சிய மாணவி கண்களைத் துடைத்துக்கொண்டு, நேரத்தையும் தொலைவையும் குறிப்பேட்டில் எழுதினாள். அந்தப் பெண்ணை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

இரவு கூடாரத்தில் பேச்சு அதைச் சுற்றியே நடந்தது. பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஒருசேரப் பிறப்பதால், கொன்றுண்ணிகள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் ஏராளமாக இருக்கும். முந்தியோ பிந்தியோ பிறக்கும் கன்றுக்குத்தான் ஆபத்து அதிகம். இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வண்டிகளின் குறிப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து அவர்களே அந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

நான் சொல்ல வேண்டியிருந்தது வெக்கை நோயின் கதை. 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் வடகிழக்குக் கரையில் இறக்கப்பட்ட மாடுகளோடு வந்ததாகக் கருதப்படும் அந்தக் கொள்ளைநோய், கண்டத்தின் தென்முனைவரை பரவி, மாசாய் மக்களின் மாடுகளையும் காட்டு எருமைகளையும் வில்டபீஸ்ட்களையும் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. நம் நாட்டு உழவர்களும் தலைமுறை தலைமுறையாக அஞ்சிய நோய்தான் அது. பிறகு கென்யாவில் வால்டர் பிளௌரைட் உருவாக்கிய தடுப்பூசி உட்பட, மாடுகளுக்குத் தொடர்ந்து போட்ட ஊசிகளால், காட்டு விலங்குகளிடமிருந்தும் 1960களில் நோய் மறைந்தது. காட்டு விலங்குக்கு ஒருவரும் ஊசி போடவில்லை. மாட்டுக்குப் போட்டதே போதுமாயிற்று. 1961இல் இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த வில்டபீஸ்ட்கள் 1977 வாக்கில் 13 லட்சத்தைத் தாண்டின. அவை புல்லை மேய்ந்து குறைத்ததால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததால் வடக்கே மரக்கன்றுகள் பிழைத்து மரங்களாயின. 2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கால்நடை மருத்துவர் ஒருவரின் ஊசி, ஒரு நாட்டின் அளவு பரந்த காட்டின் தோற்றத்தையே மாற்றிய வரலாறு இது. மாணவர்களுக்கு இதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வகுப்பறை எனக்குக் கிடைக்காது.

வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நுடூட்டுப் பகுதி கோரோங்கோரோ பாதுகாப்பு வட்டாரத்துக்குள் வருவதால், செரெங்கெட்டி தேசியப் பூங்காவைப் போலன்றி, சாலையை விட்டு இறங்கி ஓட்ட அனுமதி உண்டு. குட்டிகளோடு இருந்த சிவிங்கிப்புலி ஒன்றை இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் வளைத்து நின்றதைக் கண்டோம். அது பதுங்கி அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் எதிரே ஒரு வண்டி உருண்டு வந்தது. கடைசியில் வேட்டையைக் கைவிட்டு, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு புல்லுக்குள் போனது. எல்லைக்கு அப்பால் கென்யாவின் மாசாய் மாராவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, சுற்றுலா வண்டிகள் மிகுந்த இடங்களில் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி சராசரியாக 0.2 குட்டிகளையே வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் குறைந்த இடங்களில் அது 2.3. இந்த எண்களைத் தெரிந்த பிறகு அந்த வளையத்தில் நம் வண்டியும் ஒன்றாக நிற்பது தகாது என்பதால், எங்கள் மூன்றையும் உடனே திருப்பச் சொன்னேன். படம் கிடைக்காத குறை சிலருக்கு இருந்தது. ஆனால் ஏன் திரும்புகிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

மாசாய் மக்களைப் பற்றியும் மாணவர்களிடம் நேர்மையாகப் பேச வேண்டியிருந்தது. 1959இல் செரெங்கெட்டியை விட்டு வெளியேறிய அவர்களுக்கு, கோரோங்கோரோவில் மாடுகளோடு வாழும் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. 2022 முதல் அங்கிருந்தும் குடும்பங்கள் தொலைவிலுள்ள ம்சோமேராவுக்கு மாற்றப்படுகின்றன. இதை எதிர்ப்போர் அவர்களிடையே பலர். முதுமலையிலும் களக்காட்டிலும் இதே கேள்விகளைச் சந்திக்கப்போகும் பிள்ளைகள், காடு என்றால் ஆளில்லாத இடம் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பக் கூடாது. சிவப்புச் சால்வை போர்த்தி நின்றவர்களை அனுமதி கேட்காமல் படமெடுக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

மாணவர்களை அழைத்துச் செல்ல நினைக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டு செய்திகள். ஒரு வண்டிக்கு ஆறு பேருக்கு மேல் ஏற்றாதீர்கள். மேற்கூரை திறக்கும் லேண்ட் குரூசரில் எல்லோரும் நின்று பார்க்க அதுவே அளவு, இருவருக்கு ஒரு தொலைநோக்கியாவது வேண்டும். அத்துடன், ஒரே மந்தையருகே அரை நாள் நிற்கப்போகிறோம் என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓட்டுநர்களுக்கு வானொலியில் சிங்கம் இருக்கும் இடம் வந்துகொண்டே இருக்கும். பயணிகளை மகிழ்விக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அவர்கள் கிளம்பவே விரும்புவார்கள். எங்கள் ஓட்டுநரிடம் முந்தைய இரவே குறிப்பேட்டைக் காட்டி, பிள்ளைகள் என்ன எழுதப்போகிறார்கள் என்று விளக்கியிருந்தேன். மறுநாள் காலை அவரே வானொலியின் ஒலியைக் குறைத்து வைத்தார்.