ஹெயிட்டி ஐயா

மொன்றியல் டோர்வல் விமான நிலையத்தில் ரக்சி ஓடிய தமிழர்கள் எங்களுக்கு அவர் 'ஹெயிட்டி ஐயா'. செத்தவீட்டில் அவருடைய மகள் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்பா வேலையில எப்பிடி இருப்பார்?" இரவெல்லாம் ஓடிவிட்டுப் பகலில் நித்திரை கொண்ட தகப்பனைத்தான் பிள்ளைகள் கண்டு வளர்ந்தார்கள். விழித்திருந்த மனிதரைக் கண்டவர்கள் நாங்கள். அதனால் எழுதுகிறேன்.

கரீபியன் நாடான ஹெயிட்டியின் தெற்கில், லே காய் நகரப் பக்கம் அவருடைய ஊர். அங்கே பள்ளிக்கூட வாத்தியார். சர்வாதிகாரி துவாலியேயின் மகன் ஆண்ட காலத்தில் மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்துக்கு வந்து, தையல் தொழிற்சாலையில் நின்று, பிறகு ரக்சிக்கு மாறினார். 1980களின் தொடக்கம் அது. கறுப்புச் சாரதியை அனுப்பாதே என்று போனிலேயே சொல்லிக் கார் கேட்ட காலம். அதற்கு இணங்கிப்போன கம்பனிகளும் இருந்தன. 1982இல் ஹெயிட்டிச் சாரதிகளைக் கூட்டமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கியூபெக் மனித உரிமை ஆணைக்குழு பகிரங்க விசாரணை நடத்தும் அளவுக்கு விஷயம் முற்றியது.

நான் வேலைக்கு வந்தபோது அவருக்குச் சொந்தமாக ரக்சி ஓட்டும் பெர்மிட் இருந்தது. வரிசையில் காத்திருக்கும்போது, காருக்குள் சின்ன லைற்றைப் போட்டு, ஸ்டியரிங்கில் கொப்பியைச் சாய்த்து, சிவப்புப் பேனையால் பிள்ளைகளின் கணக்கைத் திருத்துவார். பிழையை வெட்டமாட்டார். பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, கீழே அதே மாதிரி இன்னொரு கணக்கு எழுதிவிடுவார். விடிய வீட்டுக்குப் போனதும் கொப்பி சாப்பாட்டு மேசைக்குப் போய்விடும். கார் லைற்றில்தான் இதெல்லாம் நடந்தது என்று மகளுக்கு நாங்கள் சொல்லித்தான் தெரிந்தது. இன்று அந்த மகள் ஒரு தாதி.

ஜனவரி முதலாம் திகதி பெரிய பிளாஸ்க்கில் பூசணிக்காய் சூப் கொண்டுவருவார். அடிமைகள் சமைக்கலாம், குடிக்கக்கூடாது என்றிருந்த சூப். 1804இல் விடுதலை பெற்ற நாளிலிருந்து ஹெயிட்டியில் எல்லோர் வீட்டிலும் அதுதான். எங்களில் ஒருத்தனையும் விடாமல் குடிக்கவைப்பார்.

2009 மே மாதம் வன்னிக்குப் போன் எடுத்து எடுத்துக் களைத்திருந்த எங்களுடைய கார்க் கண்ணாடியைத் தட்டி, "வரிசை நகருது" என்று சொல்வார். வேறொன்றும் கேட்கமாட்டார். அடுத்த ஜனவரி 12, ஹெயிட்டியில் நிலநடுக்கம். அவருடைய தங்கை அங்கே லியோகான் என்ற ஊரில். ஹெயிட்டியரின் கிரியோல் மொழி வானொலியைப் போட்டபடி, கிடைக்காத இலக்கத்தை அழுத்திக்கொண்டேயிருந்தார். அந்தக் காத்திருப்பு எங்களுக்குத் தெரிந்தது. அவர் கண்ணாடியை நாங்கள் தட்டினோம். தங்கை தப்பியிருந்தார், வீடு இல்லை.

பெர்மிட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஊபர் வருமுன் ஒரு பெர்மிட் கிட்டத்தட்ட 2 லட்சம் டொலர் போனது. பென்சன் இல்லாத சாரதிக்குப் பென்சனே அதுதான். 2019இல் வந்த கியூபெக் சட்டம் பெர்மிட்டையே ஒழித்தது. பெர்மிட்டை வாங்கிய விலைப்படிதான் நட்டஈட்டைக் கணக்குப் பார்த்தார்கள். அவர் வாங்கியது விலை குறைவாக இருந்த காலத்தில். வட்டியோடு கடன் அடைத்த வருடங்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இதை அநியாயம் என்றே சொல்வேன்.

அதோடு ஓட்டத்தை நிறுத்தியிருந்தார். 2021 ஆகஸ்டில் லே காய் பக்கம் நிலம் நடுங்கியது. எழுபது வயதைத் தாண்டியிருந்த மனிதர், ஊரில் தமையன் வீட்டுக்குக் கூரை போடவேண்டும் என்று சொல்லி, திரும்பவும் இரவு ஓட்டத்துக்கு வந்தார்.