இடது கைப் பக்கம்

எங்கள் புவியியல் சேர் மாசி மாதம் காலமானார் என்ற செய்தியை அக்காதான் தொலைபேசியில் சொன்னா. தொண்ணூறு வயதைத் தாண்டியவர், நித்திரையிலேயே போய்விட்டாராம். மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டபோது உடனே சரி என்றேன். அவர் பெயரை நான் எழுதத் தேவையில்லை. வலது தோளில் எப்போதும் சோக்குத் தூள் படிந்திருக்கும், கரும்பலகையில் இலங்கைப் படத்தை ஒரே இழுப்பில் கீறுவார் என்றால் எழுபதுகளில் படித்த எல்லோருக்கும் ஆள் விளங்கும்.

1975 ஆனி மாதம், திருகோணமலை. நான் எட்டாம் வகுப்பு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம். மைதானத்துப் புழுதி வகுப்புக்குள் வந்து கொப்பியில் படியும், காற்றில் ஈரம் என்பதே இருக்காது. 'எமது ஊரின் காலநிலை' என்று ஒரு கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார். நான் '1964 புயலை என் கண்ணால் கண்டேன்' என்று தொடங்கினேன். பேய்க்காற்று உறுமியது, வானம் பிளந்தது, மரங்கள் தலைவிரி கோலமாய் ஆடின என்று மூன்று பக்கம். பாதி வசனங்கள் அக்காவின் தமிழ்க் கட்டுரைக் கொப்பியில் இருந்து வந்தவை. நல்ல புள்ளி கிடைக்கும் என்று நம்பியிருந்தேன்.

சேர் அதை முழு வகுப்புக்கும் வாசித்தார், ஒரு சொல் விடாமல். பிறகு என்னை எழுப்பினார்.

"அண்டைக்கு உனக்கு எத்தனை வயது?"

"ரெண்டு, சேர்."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"சரி. காத்து முதல்ல எந்தப் பக்கத்தால வந்தது?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று பக்கத்தில் ஒரு திசை கூட இருக்கவில்லை.

"இடையில நிண்டதா? நிண்டால் எவ்வளவு நேரம்? திரும்ப எந்தப் பக்கத்தால வந்தது?"

பாடம் முடியும்வரை நின்றேன். அவர் இருக்கச் சொல்லவில்லை, அடிக்கவும் இல்லை. மணி அடித்தபின் என் கொப்பியை வாங்கி, ஒரு புதுப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஐந்து கோடு கீறினார். ஆள், இடம், முதல் காற்று, அமைதி, பிந்திய காற்று. "பத்துப் பேரிட்டக் கேட்டு எழுதிக்கொண்டு வா. உன்ர ஒரு சொல்லும் போடாத." அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் போகவில்லை. டச்சுக் குடாக் கரையில் இருந்து அழுதேன். அந்தச் சிரிப்பு நெடுங்காலம் காதுக்குள் நின்றது.

ஆனால் கேட்டேன். அம்மம்மாதான் முதல் ஆள். "குசினிப் பக்கத்தால வந்தது" என்றா. எங்கள் குசினி வடக்குப் பார்த்தது. கிடுகுக் கூரை முழுவதும் போனது. பிறகு எல்லாம் ஓய்ந்துவிட்டதாம். "கிணத்தடிக்குப் போய் ஒரு வாளி தண்ணி அள்ளினன். வாளியைக் கொண்டுவந்து வைக்கேல்லை, மற்றப் பக்கத்தால வந்திட்டுது." அந்த வாளியை எந்தக் கையில் பிடித்திருந்தா என்றுகூட காட்டினா.

திருக்கடலூரில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வடக்கு என்றே சொன்னார், தோணி எந்தத் தென்னையில் போய்க் கிடந்தது என்றும் காட்டினார். தம்பலகாமத்திலிருந்து தயிர் கொண்டுவரும் அம்மா, இடையில் ஓய்வே இல்லை, காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டு போனது என்றா. கோட்டைக்குள் வேலை செய்த ஒருவர் மான்களைப் பற்றி மட்டும் பேசினார், திசையைக் கேட்டபோது யோசித்துவிட்டு, "தம்பி, பயத்தில திசை தெரியாது" என்றார். அதையும் அப்படியே எழுதினேன்.

எனக்குக் கவலையாக இருந்தது. ஒருவர் நின்றது என்கிறார், ஒருவர் நிற்கவே இல்லை என்கிறார், யாரோ பொய் சொல்கிறார்கள். சேர் கொப்பியைப் பார்த்தார். "ரெண்டு பேரும் சொல்லுறது உண்மையா இருக்கலாம்" என்றார். புயலின் கண் சிறியது. அது தலைக்கு மேலால் போனவனுக்குத்தான் அமைதி தெரியும், பக்கத்து ஊர்க்காரனுக்குக் காற்று திரும்புவது மட்டும்தான் தெரியும். பிறகு முழு வகுப்பையும் எழுப்பினார். "காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கோ. இடது கையை நீட்டுங்கோ. பூமத்திய ரேகைக்கு வடக்க இருக்கிற எங்களுக்குப் புயலின்ர நடு அந்தப் பக்கம்தான்." முப்பத்தைந்து பிள்ளைகள் சன்னலைப் பார்த்து இடது கையை நீட்டிக்கொண்டு நின்றோம். கரும்பலகையில் வங்காள விரிகுடாவைக் கீறி, நான் கொண்டுவந்த ஒவ்வொருவருடைய காற்றையும் ஒவ்வொரு அம்பாகப் போட்டார். அம்மம்மாவின் குசினிக்கும் ஒரு அம்பு. அதே புயல் எங்களைத் தாண்டிப் போய்த்தான் தனுஷ்கோடியை அழித்தது, பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடலுக்குள் இழுத்தது என்று சொல்லி, அந்த அம்புகளைப் பாக்கு நீரிணை வரை நீட்டினார். மூன்று நாட்களுக்கு முன் என்னைப் பார்த்துச் சிரித்த வகுப்பு அன்று சத்தமில்லாமல் இருந்தது. நான் அழுத அழுகைக்கு அது ஈடா என்று கேட்டால், இன்றைக்கு ஆம் என்பேன். பதின்மூன்று வயதில் அப்படி நினைக்கவில்லை.

1985இல் லண்டனுக்கு வந்தேன். அந்தக் கொப்பி வீட்டோடு போய்விட்டது. அதில் இருந்தவர்களில் ஒருவரும் இன்று இல்லை.

2008 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. வாசலில் செர்ரி மரம் பூத்திருந்தது. காலையில் எழும்பிப் பார்த்தால் பூவுக்கு மேல் பனி. மாரிகாலத்தில் வராத பனி வசந்தத்தில் வந்து, மதிலில் சில சென்டிமீட்டர் ஏறி நின்றது. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடுவீதியில் போய், காற்றுக்கு முதுகைக் காட்டி இடது கையை நீட்டினேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போனது. காற்று நேர் வடக்கு, கை கிழக்கைக் காட்டியது. வட கடல் பக்கம் ஒரு தாழமுக்கம் இருந்து, ஆர்க்டிக் குளிரைக் கீழே இழுக்கிறது. சித்திரையில் சூரியன் உயர்ந்துவிடும், ஆனால் வடக்கில் கடலும் பனிப்பாறையும் இன்னும் மாரியில்தான் இருக்கும். வடக்கு வாசல் திறந்தால் பனி வந்துவிடும்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் படலையில் நின்று பார்த்துவிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் டெர்பிஷயரில் பிறந்தவர். "இதென்ன பனி, நான் ஜூன் மாதத்தில் பனி கண்டவன்" என்றார். 1975 ஜூன் 2, திங்கட்கிழமை, பக்ஸ்டன் மைதானம். டெர்பிஷயருக்கும் லங்காஷயருக்கும் கிரிக்கெட். சனிக்கிழமை கிளைவ் லொயிட் 167 ஓட்டம் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார், லங்காஷயர் 477. திங்கட்கிழமை போனால் ஆடுகளம் வெள்ளை, பனியால் ஆட்டம் இல்லை. செவ்வாய்க்கிழமை உருகி ஊறிய ஆடுகளத்தில் டெர்பிஷயர் 42க்கும் 87க்கும் சுருண்டது. பள்ளிக்கூடப் பெடியனாக அப்பாவோடு போயிருந்தாராம். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை என்றார்.

நான் கேட்டது ஒன்றுதான். "காற்று எந்தப் பக்கம்?"

அவர் கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனார். "வடக்கு. சட்டைக் கழுத்துக்குள்ளால் இறங்கியது."

அந்த ஜூன் 7ஆம் திகதிதான் இலங்கை முதல் உலகக் கிண்ண ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளிடம் 86க்குச் சுருண்டது. பெரியகடையில் வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்று கேட்ட கூட்டத்தில் நானும் நின்றேன், கையில் அந்தக் கொப்பியோடு. கச்சானில் உதடு வெடிக்க நான் வீடு வீடாகப் புயலைக் கேட்டுத் திரிந்த அதே நாட்களில், இந்த மனிதர் ஜூன் மாதத்துப் பனிக்குள் நின்றிருக்கிறார். சேரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். பத்துப் பேரோடு பதினோராவது ஆள், இடம் பக்ஸ்டன், முதல் காற்று வடக்கு. மத்தியானத்துக்குள் பனி உருகியது. கடிதம் எழுதவில்லை.

2020 டிசம்பர் 2, புரேவி புயல். இங்கே பின்னேரம், ஊரில் இரவு. லண்டனில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்த காலம். அக்காவோடு தொலைபேசியை வைக்காமல் இருந்தேன். "காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டுக் கேட்டு அவவுக்கு அலுத்துப்போனது. முதலில் வடமேற்கு என்றா. பிறகு நேர் மேற்கு. பிறகு, "கச்சான் பக்கமா மாறிட்டுதடா." வரவேற்பறையில் சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில் நின்று திரும்பித் திரும்பி இடது கையை நீட்டினேன். கை முதலில் வடகிழக்கு, பிறகு வடக்கு, பிறகு வடமேற்கு. "அக்கா, அது எங்களுக்கு வடக்கால போகுது" என்றேன். அப்புறம் செய்தியில் சொன்னார்கள், குச்சவெளிப் பக்கத்தால் கரையைக் கடந்தது என்று.

சேர் அப்போது இருந்தார். அக்கா வீட்டிலிருந்து நான்கு வீதி தள்ளி. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி தெளிவு என்று அக்கா சொன்னா. எண்ணையும் தந்தா. விடிந்ததும் எடுப்போம் என்று ஒரு கடித உறையின் பின்புறத்தில் எழுதி வைத்தேன். அந்த உறை இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

அவர் 1964 புயலில் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது. பத்துப் பேரிடம் கேட்டேன், அவரிடம் கேட்கவில்லை. அவர் சொல்ல வந்தார். கரும்பலகையில் அம்புகளெல்லாம் போட்டு முடித்த அன்று, கொப்பியைத் திருப்பித் தரும்போது பத்தாவது வரிக்குக் கீழே விரலை வைத்து, "நானும் அண்டைக்கு மூதூர் லோஞ்சுக்கு..." என்று தொடங்கினார். இடைவேளை மணி அடித்தது. பிந்தினால் பனிஸ் முடிந்துவிடும். கொப்பியை வாங்கிக்கொண்டு ஓடினேன்.