சாவி எங்கிருந்து வந்தது?

பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகு இன்ஜினுக்கும் வீட்டுப் பூட்டுக்கும் ஒரே சொல்தான்: சாவி. தமிழில் திறவுகோல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கரையில் யார் அப்படிச் சொல்கிறார்கள்?

16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளிக்கும் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியரின் 'சாவெ' இது. மூலம் லத்தீன் 'கிளாவிஸ்'. சொல்முதல் 'கிள' போர்ச்சுக்கீசில் 'ச' ஆகும், ஸ்பானியத்தில் 'ய' போல ஒலித்து 'யாவே', இத்தாலியத்தில் 'கியாவே'. இவற்றில் பிரெஞ்சு மட்டும் 'கிள'வை விடவில்லை: 'கிளே'.

ஒரு சொல்லை வைத்து விதி சொல்லக்கூடாது, இன்னொன்றில் சோதிக்க வேண்டும். 'கூப்பிடு' என்ற லத்தீன் 'கிளாமாரே' வரிசையாக சமார், யமார், கியமாரே. பொருந்துகிறது.

சறுக்குவது ஸ்பானிய 'கிளாவே'யில். குறிப்பு, மறைகுறி என்று பொருள். 'கிள' மாறாததால் விதி பொய் என்று தோன்றும். அது பிற்காலத்தில் படித்தவர்கள் லத்தீன் ஏட்டிலிருந்து நேராக எடுத்தது. வாய்வழி வந்தது 'யாவே'தான்.

இன்றைய லிஸ்பனில் 'ஷாவ்' என்றே காதில் விழும். பழைய 'ச்ச' ஒலி அங்கே தேய்ந்துவிட்டது. நம் கரைப் பெட்டிக்கடையில் 'சாவிக்கொத்து' கேட்கும்போது அந்த 'ச்ச' இன்றும் அழுத்தமாக வருகிறது.