கஸ்டர்ட் டார்ட்டும் மாட்டுக்குச் சூடு போடும் கம்பியும்: எட்டுத் தடவை செய்து பார்த்தது

போன மாசியில் பெங்களூருக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் சின்னதாக ஒரு டார்ட் வாங்கிக் கொடுத்தான். உள்ளங்கையில் அடங்கும் அளவு. பிஸ்கட் போல நொறுங்கும் கிண்ணம், உள்ளே குளிர்ந்த கஸ்டர்ட், மேலே கண்ணாடி மாதிரி பழுப்பாகக் கருக்கிய சர்க்கரை. கரண்டி முனையால் தட்டினால் டக்கென்று விரிசல் விடுகிறது. ஒன்று 180 ரூபாய். விலையைக் கேட்டதும்தான் இதை வீட்டிலேயே செய்துவிடலாமே என்று தோன்றியது. இதுவரை வெண்ணெய்க்கும் முட்டைக்கும் ஆன செலவைக் கூட்டிப் பார்த்தால் பெங்களூருக்கே இன்னும் இரண்டு தடவை போய் வந்திருக்கலாம், அது வேறு கதை.

என்னிடம் இருப்பது 28 லிட்டர் ஓவன் ஒன்று, 7 செ.மீ. அகல அலுமினிய அச்சு பன்னிரண்டு, ஒரு சமையல் தெர்மாமீட்டர். இடம் பாளையங்கோட்டை, மேற்குப் பார்த்த அடுப்படி. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் முதலில் நான் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் தடவை சித்திரையில், மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தேன். இப்போது எழுதும்போதே சிரிப்பு வருகிறது. மைதா 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100, பொடித்த சர்க்கரை 50, ஒரு மஞ்சள்கரு, ஒரு சிட்டிகை உப்பு, ஒட்டுவதற்கு ஐஸ் தண்ணீர் ஒரு கரண்டி. குளிர்ந்த வெண்ணெயை மைதாவில் விரல் நுனியால் உதிர்க்க வேண்டும், மாவு ரவை போல வரவேண்டும் என்பதெல்லாம் படித்திருந்தேன். ஆனால் வெண்ணெய் 32, 35 டிகிரியிலேயே முழுசாக உருகிவிடும், அன்றைக்கு எங்கள் அடுப்படி மேடைக் கல்லே 33 டிகிரி. மாவு விரலுக்கு வந்ததே தவிர அச்சுக்கு வரவில்லை. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் கல்லு, வெளியே வைத்தால் ஐந்து நிமிடத்தில் களி. வெந்த கிண்ணம் பாதி உயரத்துக்குச் சரிந்து, எண்ணெய் கசிந்து, தடித்த முறுக்கு மாதிரி கிடந்தது. பிள்ளைகள் அதையும் தின்றார்கள்.

இரண்டாவது தடவை, உருகினால் உருகிவிட்டுப் போகட்டும் என்று நெய்யில் செய்தேன். வாசனைக்குக் குறை சொல்ல முடியாது, நெய் பிஸ்கட் கணக்காக வாயில் கரைந்தது, அதுதான் வினையும்கூட. அச்சிலிருந்து எடுக்கும்போதே பாதி உடைந்தது, மீதி கஸ்டர்டை ஊற்றியதும் உடைந்தது. மூன்றாவது தடவை பால்காரம்மாவிடம் வாங்கிய வீட்டு வெண்ணெய். அதில் மோர் கொஞ்சம் நின்றிருக்கிறது, தண்ணீர்ப் பசை கூடினால் மைதா இழுவைக்கு வந்துவிடும், கிண்ணம் ரொட்டி மாதிரி சவசவ என்று ஆனது.

சரியான வழி காலை ஐந்து மணி. மேடையில் ஒரு தாம்பாளம் நிறைய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, துடைத்து, அந்த இடத்தில் மட்டும் சப்பாத்திக் கட்டையால் மாவைத் தேய்க்க வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் கூடுதலாக மைதா தூவ வேண்டியதில்லை. அச்சில் அழுத்தியதும் அரைமணி நேரம் ஃபிரீசரில். அப்புறம் முள்கரண்டியால் அடியில் குத்தி, பட்டர் பேப்பர் போட்டு, மேலே பழைய பச்சரிசியைப் பாரமாக நிரப்பி, 180 டிகிரியில் பதினைந்து நிமிடம். பேப்பரையும் அரிசியையும் எடுத்துவிட்டு இன்னும் ஏழெட்டு நிமிடம். பாரம் வைக்காவிட்டால் அடி பூரி போல உப்பும், சுவர் சரியும். அந்த அரிசியை நான் ஒரு டப்பாவில் போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன், ஒரு நாள் வீட்டுக்காரர் அதை ஊறப்போட்டுவிட்டார், அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

கஸ்டர்டில் இவ்வளவு பாடு இல்லை. ஒரே ஒரு அடி வாங்கினேன். பால் 350 மில்லி, மஞ்சள்கரு 4, சர்க்கரை 75 கிராம், சோளமாவு 25 கிராம், வெனிலா கொஞ்சம். சூடான பாலைக் கரண்டி கரண்டியாக மஞ்சள்கருக் கலவையில் ஊற்றிக் கிண்டி, பிறகு எல்லாவற்றையும் சட்டியில் திருப்பி ஊற்றிக் காய்ச்ச வேண்டும், ஒரேயடியாகக் கொட்டினால் முட்டைப் பொரியல்தான். முட்டை திரிந்துவிடுமோ என்ற பயத்தில், கெட்டியானதுமே கொதிக்க விடாமல் இறக்கிவிட்டேன். ராத்திரி அருமையாக இருந்தது. காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் பாயசம்! மஞ்சள்கருவில் மாவுச்சத்தைக் கரைக்கிற அமிலேஸ் என்ற நொதி இருக்கிறதாம், நன்றாகக் கொதித்தால்தான் அது சாகும், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சோளமாவைத் தின்றுவிடும். சோளமாவு சேர்த்த கஸ்டர்ட் கொதித்தாலும் லேசில் திரியாது, அது முட்டையைக் காப்பாற்றும். குமிழ் வந்தபிறகு ஒரு நிமிடம் விடாமல் கிண்டினால் போதும்.

எங்கள் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆச்சி சுத்த சைவம். முட்டை என்ற சொல்லே அடுப்படியில் கேட்கக் கூடாது என்று இருந்தவள், பேத்தி கை ஓயாமல் செய்கிறாளே என்று ஒரு மூலையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்குத் தனியாக நாலு. மாவில் மஞ்சள்கருவுக்குப் பதில் குளிர்ந்த பால், உள்ளே கஸ்டர்ட் பவுடர். இந்தப் பவுடரே முட்டை ஆகாதவர்களுக்காக வந்ததுதான்: 1837இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் தன் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் சோளமாவில் செய்து பார்த்தார். அதே 1837இல்தான் லிஸ்பனில் பெலெம் என்ற இடத்தில், மடத்துத் துறவிகள் செய்துவந்த மஞ்சள்கரு டார்ட்டை விற்கும் கடை திறந்தது. ஒரே வருஷத்தில் முட்டை உள்ளது ஒரு பக்கம், இல்லாதது ஒரு பக்கம். இதை ஆச்சியிடம் சொன்னேன். “அந்தப் பொம்பளைக்கு நல்ல மாப்பிள்ள வாச்சிருக்கான்” என்றாள்.

இனி மேல்தட்டு. ஐந்து தடவை இதிலேயே போயிற்று.

ஓவனில் மேல் கம்பியை மட்டும் போட்டுச் சர்க்கரையைக் கருக்கலாம் என்று பார்த்தேன். என் ஓவனுக்கு அந்த வேகம் இல்லை. சர்க்கரை உருகிப் பழுப்பாக 160, 170 டிகிரி வேண்டும், அது வருவதற்குள் உள்ளே கஸ்டர்ட் கொதித்துப் பொங்கி, கிண்ணத்தின் விளிம்பு கரியாகிவிட்டது. அடுத்து, சட்டியில் தனியாகக் கேரமல் காய்ச்சிக் கரண்டியால் மேலே ஊற்றினேன். பார்க்க ரொம்ப அழகு. கடித்தால் கடலை மிட்டாய்ப் பாகு முற்றிப்போன கதை, ஆச்சி தன் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எனக்கு ஒரு பார்வை கொடுத்தாள். கேஸ் டார்ச் வாங்கலாம் என்றால் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்று வேண்டாம் என்றுவிட்டார்.

நடுவில் ஒரு நாள் புத்தி கெட்டுப்போய் உடன்குடிக் கருப்பட்டியைச் சீவித் தூவினேன். நம்ம ஊர் ருசி வரும் என்று பெரிய கற்பனை. அது கண்ணாடியாக நிற்காமல் நுரைத்துப் பொங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் கருகிக் கசந்தது. கருப்பட்டியைக் கஸ்டர்டுக்குள் போட்டால் பிரமாதம், மேலே வெள்ளைச் சர்க்கரைதான்.

அப்புறம்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஸ்பெயினில் கட்டலோனியாக்காரர்கள் இதே மாதிரி ஒரு பண்டம் செய்கிறார்கள், அவர்களுடைய பழைய பழக்கம் டார்ச் இல்லை, கம்பி முனையில் வட்ட இரும்பு. அதை நெருப்பில் காய்ச்சிச் சர்க்கரை மேல் வைக்கிறார்கள். உடனே இரும்புத் தாளிப்புக் கரண்டியைக் கவிழ்த்துக் காய்ச்சி வைத்துப் பார்த்தேன். அடி உருண்டை அல்லவா, நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குக் கருகி, சுற்றிலும் சர்க்கரை சர்க்கரையாகவே கிடந்தது. ஆனாலும் அந்த ஒரு ரூபாய் அளவு டக்கென்று உடைந்தது. அன்றைக்கே பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

ஐந்து மில்லிமீட்டர் தடிப்பில் ஐந்தரை செ.மீ. வட்டத் தகடு, அதில் ஒரு முழக் கம்பி, பிடிக்க மரக் கைப்பிடி என்று தாளில் வரைந்து காட்டினேன். பட்டறைத் தம்பி தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “யக்கா, மாட்டுக்குச் சூடு போடவா?” பலகாரத்துக்கு என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை, ஆனால் அரைமணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார், 120 ரூபாய். யாராவது செய்யப் போனால் ஒன்று கட்டாயம் சொல்லிவிடுங்கள்: துத்தநாகப் பூச்சுப் போட்ட தகடு கூடாது, சூடேறினால் அதிலிருந்து வரும் புகை ஆளுக்கு ஆகாது. வெறும் இரும்புதான் வேண்டும். வாங்கியதும் எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒரு தடவை வெறுமனே நன்றாகக் காய்ச்சிவிட வேண்டும்.

இதுவரை நான் கண்ட முறை இது. டார்ட் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வர வேண்டும், கஸ்டர்ட் சில்லென்று இருந்தால்தான் மேல் சூட்டைத் தாங்கும். மேலே ஈரம் மினுங்கினால் காகிதத்தால் ஒற்றி எடுக்கணும். சர்க்கரையை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று, நைஸ் ரவை பதத்துக்கு. பெரிய பரல் பாதி உருகுவதற்குள் மீதி கருகும், முழுப் பொடியாக்கினால் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு டார்ட்டுக்கு ஒரு டீஸ்பூன், சமமாக. தகட்டைப் பெரிய அடுப்பில் முழுத் தீயில் ஏழு நிமிடம். ஒரு சிட்டிகை சர்க்கரையைத் தகட்டின் மேல் போட்டால் அந்த நொடியே புகைந்து கருக வேண்டும். பிறகு அழுத்தாமல், சர்க்கரையைத் தொட்டும் தொடாமலும் மூன்று நாலு நொடி மெல்லச் சுற்ற வேண்டும். எடுத்ததும் தகட்டில் ஒட்டியதை அடுப்பிலேயே எரித்து, பழைய கத்தியால் சுரண்டிவிட வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் திறந்துதான் வைத்திருந்தேன். எதிர்வீட்டு மதினி வாசலில் வந்து நின்று, “அல்வா கிண்டுதியளோ?” என்று கேட்டார். திருநெல்வேலியில் சர்க்கரை கருகினால் வேறு என்ன நினைப்பார்கள்! எங்கள் ஆச்சி கோதுமைப் பால் எடுத்து அல்வா கிண்டும்போது நிறத்துக்காகக் கொஞ்சம் சர்க்கரையைத் தனியாகக் கருக்கிச் சேர்ப்பாள், அந்த வாசம்தான் இது. நான் ஒவ்வொரு தடவையும் நிறத்தைப் பார்த்து எடுத்து, இரண்டில் ஒன்றைக் கசக்கவிட்டுக்கொண்டிருந்தேன். சுவர் ஓரமாக நாற்காலியில் இருந்த ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, என்னத்தக் கருக்குத? புகை வரதுக்கு முந்தியே வாசம் மாறும், அப்பமே எடுத்துரு.” அன்றிலிருந்து அவள்தான் மூக்கு, நான்தான் கை. அவளுக்கான நாலையும் முதலில் முடித்துவிடுகிறேன், கம்பியில் முட்டை படக்கூடாது அல்லவா.

ஆனியிலும் ஆடியிலும் வேறொரு தொல்லை. குற்றாலத்தில் சாரல் பிடித்தால் காற்றின் ஈரம் பாளை வரைக்கும் வரும், கருக்கிய சர்க்கரை அந்த ஈரத்தை எல்லாம் உறிஞ்சும். காலையில் செய்து டப்பாவில் அடுக்கி, சாயங்காலம் வந்த விருந்தாளிக்குத் திறந்து காட்டினால் மேலே வெறும் பழுப்புத் தண்ணீர். கீழே இருக்கிற கஸ்டர்டின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே கிண்ணமும் கஸ்டர்டும் முதல் நாளே செய்யலாம், சூடு போடுவது ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான், அரைமணிக்குள் தின்றாக வேண்டும். கிண்ணம் நமுத்துப்போகாமல் இருக்க, வெந்த சூட்டிலேயே உள்ளே வெள்ளைக்கருவைத் தொட்டுத் தடவி இரண்டு நிமிடம் திரும்ப ஓவனில் வைக்கிறேன். (ஆச்சியுடையதற்கு இது கிடையாது, அவை கொஞ்சம் நமுக்கத்தான் செய்கின்றன.)

அதற்கும் போக மிச்சமாகும் வெள்ளைக்கரு ஒரு பெரிய தலைவலியாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் நாலைந்து. தம்பி மாமியார் வீடு தூத்துக்குடி, அங்கிருந்து வந்தவர்கள்தான் சிரித்தார்கள். அவர்கள் ஊர் மக்ரூனுக்கு வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும்தானே வேண்டும், மஞ்சள்கரு வேண்டாத சரக்கு. இப்போது பாட்டிலில் ஊற்றி ஃபிரீசரில் சேர்த்து வைக்கிறேன், வருகிறவர்கள் எடுத்துப் போகிறார்கள், பதிலுக்கு மக்ரூன் வருகிறது. நானே அதைச் செய்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை.

எட்டாவது தடவை போன ஞாயிற்றுக்கிழமை. முட்டை போட்டது எட்டு, ஆச்சிக்கு நாலு. பன்னிரண்டில் பத்து தட்டியதும் உடைந்தன. கடைசி இரண்டும் கோட்டை விட்டது என் அவசரத்தால், தகடு ஆறிப்போனது தெரியாமல் வைத்துவிட்டேன். இரண்டு டார்ட்டுக்கு ஒரு தடவை தகட்டைத் திரும்பக் காய்ச்ச வேண்டியிருக்கிறது, அதற்குள் முதலில் செய்தது இளகத் தொடங்கிவிடுகிறது. ஆச்சி மேல்தட்டை மட்டும் தின்றுவிட்டு, உள்ளே இருந்ததைக் கஞ்சி என்று ஒதுக்கிவிட்டாள். அடுத்த தடவை அவளுக்குக் கஸ்டர்ட் பவுடர் வேண்டாம், திரட்டுப்பாலை இளக்கமாகக் கிண்டி ஊற்றிப் பார்க்க வேண்டும்.

நேற்று பட்டறைத் தம்பிக்கு இரண்டு டார்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன், வெயிலில் மேல்தட்டு இளகித்தான் போயிருந்தது, ஆனாலும் நின்றுகொண்டே தின்றார். ஒன்று அடுப்பில் காயும்போது இன்னொன்று வேலை செய்யட்டும் என்று, அதே அளவில் இன்னொரு கம்பி வேண்டும் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“ரெண்டாவது மாடும் வாங்கியாச்சாக்கா?”