கேட்கிற காதுப் பக்கம்

எங்கே சாப்பிடப் போனாலும் மற்றவர்கள் மெனு கார்டைத் தேடுவார்கள். நான் ஸ்பீக்கர் எங்கே மாட்டியிருக்கிறது என்று தேடுவேன். எனக்கு வலது காது கேட்காது. ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் வற்றியபோது காதும் கூடவே போய்விட்டது. அபூர்வமாக அந்த நோய் இப்படி ஒரு பக்கக் காதை மட்டும் நிரந்தரமாக எடுத்துக்கொண்டு போகும் என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னார். வீட்டில் கண்டுபிடிக்கவே ஒரு வருடம் ஆனது. இன்னொரு காது நன்றாகத்தானே இருந்தது, எப்படித் தெரியும்? போனை வலது காதில் வைத்துக்கொண்டு "யாருமே பேசலையே" என்று நான் சொன்ன அன்றுதான் அம்மாவுக்கு உறைத்தது.

இப்படிப்பட்டவன், மதுவும் தணலில் சுட்ட இறைச்சியும் பரிமாறும் பார் அண்ட் கிரில்லுக்குப் போகலாமா? ஆறு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மச்சினன், அவனுடைய நண்பர்கள் இருவர், நான். மூவரும் பீர் குடிப்பார்கள். நான் சோடாவோடு சரி. எனக்கு அங்கே கிரில்தான் முக்கியம்.

போன புதிதில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்தேன். நடுவில் உட்கார்ந்தால் வலப்பக்கம் இருப்பவன் எனக்கு இல்லை. அவன் சிரிப்பான், நானும் சிரிப்பேன், எதற்கென்று தெரியாது. இப்போது எனக்கென்று மூலை மேசை ஒன்று உண்டு. வலது தோள் சுவரை ஒட்டியிருக்கும். மற்ற மூவரும் இடப்பக்கமும் எதிரிலும் இருப்பார்கள். மேசை காலியாக இல்லாவிட்டால் காத்திருப்பேன். முதலில் மச்சினன் அலுத்துக்கொள்வான். இப்போது அவனே வாசலில் நின்று, "நாலு பேர், வலப்பக்கம் சுவர்" என்கிறான்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆறு மணிக்கு அந்த இடம் சாதாரணமாகத்தான் இருக்கும். கண்ணாடி டம்ளர் வைக்கிற ஓசைகூடத் தனியாகக் கேட்கும். எட்டு மணிக்குள் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள், யாரும் கத்த வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். பக்கத்து மேசையின் பேச்சை மீறிப் பேச இவர்கள் குரலை ஏற்றுகிறார்கள். இவர்களை மீற அவர்கள் ஏற்றுகிறார்கள். சத்தத்தின் நடுவில் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான் என்று 1911-இல் எழுதிவைத்தவர் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர். அவர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி இடங்களில் தரை வழவழப்பு, மேசை மரம், சுவர் செங்கல், திரைச்சீலை கிடையாது. ஒரு சத்தம் கிளம்பினால் ஒளிந்துகொள்ள மெத்தென்று ஒரு மூலைகூடக் கிடையாது.

இரண்டு காதுக்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பத்துக் குரல்கள் கலந்து வரும்போது ஒரே குரலை மட்டும் பிடித்துக்கொள்ளும் வித்தை அவர்களிடம் இருக்கிறது. 1953-இல் காலின் செர்ரி என்பவர் இதை ஆராய்ந்தபோது வைத்த பெயரே 'காக்டெயில் பார்ட்டி' பிரச்சினை என்பதுதான். பிரச்சினைக்கு மதுக்கூட்டத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள், எனக்கு இனி என்ன மிச்சம்! குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று இரண்டு காதும் சேர்ந்து கணக்குப் போடுவதில்தான் அந்த வித்தையின் பாதி இருக்கிறது. ஒற்றைக் காதுக்குத் திசையே கிடையாது. யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் கலங்கரை விளக்கம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றித்தான் கண்டுபிடிப்பேன்.

முதல் வருடம் நடந்தது இது. சர்வர் என் வலப்பக்கம் வந்து நின்று ஏதோ கேட்டார். நான் "ஆமாம்" என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் "ஆமாம்". காது மந்தமானவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு; திரும்பத் திரும்ப "என்ன?" என்று கேட்பதைவிடத் தலையாட்டுவது சுலபம். எங்கள் மொழியில் 'வேண்டுமா' என்பதற்கும் 'வேண்டாமா' என்பதற்கும் நடுவில் ஓர் எழுத்துதான். அன்று நான் எதற்குத் தலையாட்டினேன் என்பது தட்டு வந்தபோது தெரிந்தது. உள்ளே இளஞ்சிவப்பாக (மீடியம் ரேர் என்பார்கள்) இருக்கும் என்று நான் காத்திருந்த ஸ்டேக், அதாவது தடித்த இறைச்சித் துண்டு, நடுவரை சாம்பல் நிறமாக வெந்து, கத்திக்கு அசைந்து கொடுக்காமல் வந்தது. பக்கத்தில் நான் கேட்காத காரச் சாஸ் ஒரு கிண்ணம்.

"திருப்பிக் கொடுங்க மாமா" என்றான் மச்சினன். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அதற்குள் அவன் மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டான். மேனேஜர் நல்ல மனிதர், ஒரு வார்த்தை தர்க்கம் செய்யவில்லை, புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொல்லித் தட்டை எடுத்துப் போய்விட்டார். அவர்கள் பக்கத்து நியாயம் அத்தோடு முடிந்தது. ஆனால் புதுத் தட்டு வர இருபது நிமிடம். அதற்குள் மற்ற மூவரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். எலும்பை ஒதுக்கி வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடம்! ஸ்டேக் அருமையாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. மூன்று பேர் காத்திருக்க ஒருவன் மட்டும் மெல்லுவது மாதிரி சங்கடம் வேறில்லை. அன்றிலிருந்து எது வந்தாலும் திருப்பி அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் ஒரு பெண் சர்வராக வந்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து என் இடப்பக்கம் குனிந்து நின்றார். நான் எதையும் சொல்லவில்லை. மெனுவில் விரலை வைத்து, "இது, மீடியம் ரேர், சாஸ் வேண்டாம். சரியா சார்?" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நீங்க ஒரு தடவை ஆமாம்னு சொன்னா ஆமாம் சார். ரெண்டு தடவை வேகமா ஆமாம் ஆமாம்னு சொன்னா உங்களுக்குக் கேக்கலைன்னு அர்த்தம்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாகிறது. என் மனைவி இதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. (கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளோ என்னவோ.)

மச்சினன் ஊரில் இல்லாத வாரங்களில் நான் தனியாகப் போய் கிரில்லுக்கு எதிரே இருக்கும் உயர நாற்காலியில் உட்காருவேன். எனக்கு அதுதான் அந்த இடத்திலேயே நல்ல இடம். கிரில் போடுகிறவருக்கும் காது உதவாது. தலைக்கு மேலே புகையை இழுக்கும் மின்விசிறி ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். அவர் ஆர்டர் எழுதிய துண்டுக் காகிதங்களைக் கம்பியில் சொருகிப் பார்த்துக்கொண்டு, மற்றதையெல்லாம் சைகையில் நடத்துகிறார். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதில் வியப்பில்லை.

அங்கே உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. கிரில்லின் ஒரு பாதியில் தணல் அதிகம், மறு பாதியில் குறைவு. முதலில் சூடான பக்கம் போட்டு மேலே நிறம் ஏற்றுவார். அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் நூற்று நாற்பது டிகிரியை ஒட்டித்தான் வேகமாக வரும். அப்புறம் தடித்த துண்டானால் மறு பக்கம் தள்ளி நிதானமாக வேகவிடுவார். கொழுப்பு சொட்டித் தீ எகிறினால் ஊதவோ தண்ணீர் தெளிக்கவோ மாட்டார், துண்டை நகர்த்திவிடுவார், அவ்வளவுதான். வெந்ததா என்று விரலால் அழுத்திப் பார்ப்பவர், கோழிக்கு மட்டும் விரலை நம்ப மாட்டார். வெப்பமானியைக் குத்தி 74 டிகிரி காட்டினால்தான் எடுப்பார். ஸ்டேக்கை இரண்டு மூன்று டிகிரி முன்னாலேயே எடுத்துப் பலகையில் வைத்துவிடுவார். மிச்சச் சூட்டில் அது தானாக ஏறிவிடும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் மேசையில் இருப்பவர்கள் "என்ன இவ்வளவு நேரம்" என்று திட்டுகிறார்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

ஆறு பேர் மேசைக்கு ஏன் தாமதமாகிறது என்பதும் அங்கேதான் புரிந்தது. ஆறு தட்டும் ஒன்றாகப் போக வேண்டும். ஒருவர் மட்டும் தடித்த துண்டை நன்றாக வேகவைக்கச் சொல்லியிருந்தால் மற்ற ஐந்தும் அதற்காகத் தள்ளிப்போகும். ஏழரையிலிருந்து எட்டரைக்குள் எல்லா மேசையும் ஒரே சமயத்தில் கேட்கும், கம்பி முழுக்கத் துண்டுக் காகிதம் தொங்கும், ஆனால் கிரில் அதே அகலம்தான். அந்த நேரத்தில் உள்ளே போய் சர்வரிடம் கோபப்படுவதில் அர்த்தமே இல்லை. "ஆறரைக்கு வாங்க" என்று கிரில்காரர் எனக்கு விரலால் காட்டினார். இப்போது அப்படித்தான் போகிறேன்.

பாட்டு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. பேச்சுச் சத்தம் தானாக வருவது, பாட்டை யாரோ ஒருவர் கையால் ஏற்றுகிறார். பிரான்சில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வை மச்சினன்தான் காட்டினான். மதுக்கூடத்தில் பாட்டை 72 டெசிபெலிலிருந்து 88-க்கு ஏற்றியபோது இளைஞர்கள் பீரைச் சீக்கிரம் குடித்து முடித்தார்களாம், கூடுதலாகவும் வாங்கினார்களாம். பேச முடியாவிட்டால் வாய்க்கு வேறு என்ன வேலை? இதைக் காட்டிவிட்டு அவன் இன்னொரு பீர் சொன்னான்.

இவ்வளவு புலம்புகிறவனுக்கு மேட்ச் நாள் என்றால் கொண்டாட்டம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பெரிய திரையில் ஆட்டம் ஓடும் நாள் உட்கார இடமிருக்காது, நின்றுகொண்டே தட்டைப் பிடித்திருப்பார்கள். ஒருமுறை சத்தத்தைப் போனில் அளந்து பார்த்தேன், 91 டெசிபெல் காட்டியது. அந்த அளவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பது காதுக்கு ஆகாது என்பது வேலையிடங்களுக்காக வைத்திருக்கும் கணக்கு. நாங்கள் இரண்டு மணி நேரத்தில் எழுந்து போய்விடலாம். தட்டு தூக்குகிறவர்கள் இரவு முழுக்க அங்கேதான் நிற்கிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் மேட்ச் நாளில் ஊருக்கே காது கேட்காது. எல்லோரும் கையால் பேசுகிறார்கள், உதட்டைப் பார்க்கிறார்கள், புரியாமல் தலையாட்டுகிறார்கள். அதில் எனக்கு நாற்பது வருட அனுபவம். மூன்று மேசை தள்ளி இருப்பவர் என்ன கேட்கிறார் என்று நான் சர்வருக்கு மொழிபெயர்த்துச் சொன்ன நாளும் உண்டு.

போன மாதம் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டார். மேல்படிப்பு என்றார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை புதிதாக ஒரு பையன் வந்தான். எதிரேயே நின்று கேட்கப்போகிறான் என்று நான் கழுத்தைத் திருப்பத் தயாராக இருந்தேன். அவன் மேசையைச் சுற்றி நேராக இடப்பக்கம் வந்து நின்றான். எனக்கு ஒரு நிமிடம் தொண்டை அடைத்தது. சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எதைச் சொன்னாரோ, பையன் எவ்வளவு புரிந்துகொண்டானோ தெரியாது. என் நல்ல காதுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினான். நாலு மேசை திரும்பிப் பார்த்தது. கிரில்காரர்கூட நிமிர்ந்தார். காதில் ரீங்காரம் அடங்க நேரமானது. மச்சினன் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பையன் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான்.

"ஆமாம் ஆமாம்" என்றேன்.

அவன் கேட்டது, "தண்ணீர் குளிர்ந்ததா, சாதாரணமா?" என்று பிறகு மச்சினன் சொன்னான். இரண்டும் வந்தது.