அப்பச்சிக்கு இருந்தது என்ன கல்?

அப்பச்சிக்கு விலாவில் வலி. காரைக்குடியில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை; அல்ட்ராசவுண்டில் மட்டும் வலது கிட்னியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஒரு கல். எக்ஸ்ரேயில் தெரியாத கல், கூடவே சர்க்கரை, சிறுநீரிலும் அமிலத்தன்மை அதிகம். "யூரிக் ஆசிட் கல்லாக இருந்தால் மருந்திலேயே கரைக்கலாம். மதுரையில் டூயல் எனர்ஜி சிடி எடுத்துட்டு வாங்க" என்றார் மருத்துவர்.

கல்லின் வகையைச் சொல்லும் இந்த வசதி எல்லா சிடி மெஷினிலும் கிடையாது. போனிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்பினோம். சீட்டில் 'கல்லின் வகை பார்க்கவும்' என்று மருத்துவரிடம் எழுதியும் வாங்கிக்கொண்டோம். அதை எழுதாவிட்டால் சாதாரண சிடி எடுத்து அளவை மட்டும் சொல்லி அனுப்பிவிட வாய்ப்புண்டு.

"ஊசி போடுவாகளா?" என்பதுதான் ஆத்தாவின் கவலை. கல் பார்ப்பதற்கு ஊசி மருந்து தேவையில்லை. மேசையில் படுத்து, சொன்னபோது மூச்சைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரேடியாலஜிஸ்ட் திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறக் கிட்னிக்குள் சிவப்பாக ஒரு புள்ளி. "சிவப்புன்னா யூரிக் ஆசிட் ஐயா. கால்சியமா இருந்தா நீலமாக் காட்டும்." 80, 140 கிலோவோல்ட் என இரண்டு விதக் கதிரில் ஒரே இடத்தைப் படம் எடுக்கிறார்கள். கால்சியம் குறைந்த ஆற்றல் கதிரை மிக அதிகமாக உறிஞ்சும். யூரிக் அமிலத்தில் இருப்பதெல்லாம் கார்பன், நைட்ரஜன் போன்ற லேசான தனிமங்கள், அதனால் இரண்டு படத்திலும் பெரிய வித்தியாசம் வராது. அந்த வித்தியாசத்தை வைத்துக் கணினி நிறம் கொடுக்கிறது. கல் மிகச் சிறியதாக இருந்தால் இந்தக் கணிப்பு தவறலாம் என்றும் சொன்னார். கவுட் என்ற மூட்டுநோயில் மூட்டில் படியும் யூரிக் ஆசிட் படிகங்களையும் இதே முறையில் பிரித்துக் காட்ட முடியுமாம்.

வயிற்றில் கத்தி படாமல் இருக்க வழி உண்டென்று தெரிந்ததும் ஆத்தா முகத்தில் வந்த தெளிச்சியை என்னால் மறக்க முடியாது.

அப்புறம் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் கல்லைக் கரைக்கப் பொட்டாசியம் சிட்ரேட் சிரப், தண்ணீரில் கலந்து. சிறுநீரின் பிஎச் (அமிலம் குறையக் குறைய ஏறும் எண்) 6.5-க்கும் 7-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 7-ஐத் தாண்டினால் வேறு வகைக் கல் சேரலாம். காலையில் பிஎச் பார்க்கும் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து, நிறத்தைப் பார்த்து அப்பச்சியே கணக்கு நோட்டில் எழுதுகிறார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறாமல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார்கள். காய்ச்சலோ சிறுநீர் அடைப்போ வந்தால் கரையட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே வரவேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு.

யூரிக் ஆசிட்டைக் கூட்டும் ஆட்டுக்கறியும் ஈரலும் சாப்பாட்டில் குறைந்திருக்கின்றன. அடுத்து எடுத்த ஸ்கேனில் கல் பாதிக்கும் கீழே வந்துவிட்டது, சிரப்பை நிறுத்தவில்லை.