டொராண்டோவுக்குப் போன கிருனா ஊர்க்காரர்

2025-ஆம் ஆண்டின் இறுதியில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டிகளில் ஒரு பகுதி மதுரையில் நடந்த பிறகு, எங்கள் தெருவில் ஹாக்கியைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கிறது. நான் நெடுங்காலமாகப் பார்த்துவருவது பனித்தளத்தில் ஆடப்படும் ஐஸ் ஹாக்கியை. வட அமெரிக்காவில் இரவில் தொடங்கும் ஆட்டம் மதுரையில் விடியற்காலையில் திரைக்கு வருகிறது என்பதால், பால் பாக்கெட் வாசலுக்கு வருவதற்குள் முதல் இருபது நிமிடப் பகுதி பெரும்பாலும் முடிந்திருக்கும். கோல் அடிப்பவர்களைவிட, சொந்த நாட்டை விட்டு வந்து அயல்நாட்டு அணியின் பின்வரிசையில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள்தான் என் கவனத்தை அதிகம் இழுக்கிறார்கள்.

புரோ கபடி பார்க்கும் நம்மவர்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. ஈரானிலிருந்து வந்து இடது கார்னரில் நின்று 2015-இல் யு மும்பா கோப்பை வெல்லத் துணைநின்ற ஃபசல் அத்ராச்சலியை மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கபடி ஆடும் பையன்களும் அறிவார்கள். பிடிக்க வேண்டிய நேரத்துக்காகக் காத்திருக்கும் பொறுமைதான் அவருடைய ஆட்டத்தின் உயிர். ஐஸ் ஹாக்கித் தடுப்பாட்டக்காரருக்கும் அந்தப் பொறுமை வேண்டும். ஆனால் கடல் கடந்து போகும்போது, ஆடுதளத்தின் அளவே மாறிவிடும் என்ற கூடுதல் தொல்லை அவருக்கு உண்டு.

ஐரோப்பாவின் மரபான ஆடுதளம் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் தளத்தின் நீளம் ஏறக்குறைய அதேதான், அகலமோ 26 மீட்டருக்குச் சற்றே குறைவு. பக்கத்துக்கு இரண்டு மீட்டர் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று முதலில் நானும் நினைத்ததுண்டு. அகன்ற தளத்தில் மூலைக்குப் போன ரப்பர் வட்டை எடுத்து, திரும்பி, யாருக்குத் தள்ளுவது என்று பார்க்க ஒரு நொடியாவது கிடைக்கும். குறுகிய தளத்தில் அந்த நொடிக்குள் எதிரணிக்காரர் வந்து தளத்தைச் சுற்றியுள்ள பலகையோடு சேர்த்து மோதிவிடுவார். ஆகவே வட்டைத் தொடுவதற்கு முன்பே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து முடிவெடுத்திருக்க வேண்டும். ஓரத்திலிருந்து அடிக்கும் அடியும் கோலுக்குப் பக்கத்திலிருந்து வருவதால், முன்பு விட்டுவிடக்கூடியதாக இருந்த இடத்தையும் இப்போது காக்க வேண்டியதாகிறது. சிறுவயது முதல் உடம்பில் ஊறிய தூரக் கணக்கை இருபது வயதுக்கு மேல் அழித்து எழுதுவது சாதாரண வேலையன்று.

அதைச் செய்து காட்டிய முன்னோடி பொர்யே சால்மிங். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, இரும்புச் சுரங்கத்தை நம்பி வாழும் சுவீடனின் கிருனா பகுதியைச் சேர்ந்தவர். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது தந்தை சுரங்க விபத்தில் இறந்தார். 1973-இல் கனடாவின் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற என்எச்எல் அணிக்கு அவர் போன காலத்தில், ஐரோப்பியர்கள், குறிப்பாகச் சுவீடன்காரர்கள், அடிக்குப் பயந்தவர்கள் என்ற ஏளனம் கனடாவில் ஊறிக் கிடந்தது. எதிரணியினர் அவரைச் சோதித்தது திறமையால் மட்டுமல்ல, முழங்கையாலும் மட்டையாலும் கைச்சண்டையாலும்தான். அக்காலத்தில் முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போன பிலடெல்பியா அணியை அவர் தொடக்கத்திலேயே சந்திக்க நேர்ந்தது. அவர் ஒதுங்கவில்லை, பாய்ந்து வரும் வட்டுக்குக் குறுக்கே உடம்பைக் கிடத்தித் தடுப்பதையே தம் அடையாளமாக்கிக்கொண்டார். மூன்றே ஆண்டுகளில், 1976-ஆம் ஆண்டு நாடுகளுக்கிடையே நடந்த கனடா கோப்பைக்காகச் சுவீடன் சட்டையுடன் டொராண்டோ அரங்கில் அவர் அறிமுகப்படுத்தப்பட்டபோது, அந்த ஊர்க் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அயல்நாட்டு அணியின் ஆட்டக்காரருக்கு உள்ளூர்க்காரர்கள் அப்படிச் செய்வது எவ்வளவு அரிது என்பதை விளையாட்டு பார்ப்பவர்கள் அறிவார்கள்.

1986-இல் எதிரணிக்காரர் ஒருவரின் சறுக்குக் காலணியின் கத்தி முகத்தைக் கிழித்ததில் 200-க்கும் மேற்பட்ட தையல்கள் போட வேண்டியிருந்தது. அதன் பிறகும் ஆடி, 1,000 என்எச்எல் ஆட்டங்களைக் கடந்த முதல் ஐரோப்பியராக ஆனார். மொத்தம் 1,148 ஆட்டங்கள், கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 787 புள்ளிகள், விதிமீறலுக்காக வெளியே உட்கார வைக்கும் தண்டனை நிமிடங்கள் 1,344. என்எச்எல் வாகையருக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பை மட்டும் கிட்டவில்லை. டொராண்டோ அணியின் நிர்வாகம் அந்நாளில் இருந்த நிலையில் அது அவருடைய குற்றமாகாது என்பது என் கருத்து. நரம்பு இயக்க நோயால் 2022 நவம்பரில் காலமானார்.

இன்னொரு சுவீடன்காரரான நிக்லாஸ் லிட்ஸ்ட்ராம் 1991-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் அணிக்குப் போனபோது அந்த ஏளனம் பெருமளவு தேய்ந்திருந்தது. இருபது பருவங்கள், அத்தனையும் ஒரே அணிக்காக, 1,564 ஆட்டங்கள். தண்டனை நிமிடங்களோ வெறும் 514. மோதாமலேயே வழியை அடைத்துவிடும் நிலையெடுப்புதான் அதற்குக் காரணம். நான்கு ஸ்டான்லி கோப்பைகளோடு, 2006 ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஃபின்லாந்துக்கு எதிராக வெற்றிக் கோலையும் அவர் அடித்தார். இவ்வளவு சுத்தமான ஆட்டத்தை, சட்டையைப் பிடித்து இழுக்கும் எதிரிகளுக்கு நடுவே சால்மிங்கால் ஆடியிருக்க முடியுமா என்பது ஐயமே. தண்டனை நிமிடங்களை ஒப்பிட்டு யார் மேல் என்று தீர்ப்புச் சொல்பவர்கள், இடையில் ஓடிய பதினெட்டு ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

என்எச்எல்லின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதை 2001-இல் முதல் ஐரோப்பியராகப் பெற்ற லிட்ஸ்ட்ராம், அதை மொத்தம் ஏழு முறை வென்றார். அவருக்குப் பின் எரிக் கார்ல்சன் மூன்று முறையும், விக்டர் ஹெட்மன் ஒரு முறையும் அதைச் சுவீடனுக்குக் கொண்டுபோனார்கள். 1977-இலும் 1980-இலும் வாக்கெடுப்பில் இரண்டாம் இடத்தில் நின்றவர் சால்மிங். இரண்டு முறையும் மொன்ட்ரியலின் லாரி ராபின்சன் வென்றார். ராபின்சனுக்குக் கிடைத்தது நியாயமில்லை என்று நான் வாதாடமாட்டேன். ஆனால் இந்தச் சுவீடன்காரர்களில் யாருடைய பழைய ஆட்டத்தைத் தேடிப் பார்ப்பது என்று யாராவது கேட்டால், கோப்பையும் விருதும் இல்லாத அவருடைய ஆட்டத்தையே முதலில் பார்க்கச் சொல்வேன்.